ஆவுடைத்தங்கத்தின் பதினான்கு கிலோ

சாத்தூரில் ஆற்றுப்பாலம் இறங்கி இடது கைப்பக்கம் திரும்பினால் வரும் மேட்டுத்தெருவில், ஜாக்கெட் தைக்கும் ஆவுடைத்தங்கம் தன் உடம்பிலிருந்து கழித்துவிட்ட எடை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாசல் வழியாக நடந்து வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது என்று நீங்கள் சொன்னால், அந்தத் தெருக்காரர்கள் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். "செவ்வாய் இல்லங்க, புதன்" என்று திருத்துவார்கள், அவ்வளவுதான்.

அவள் எதற்காக எடையைக் கழித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாற்பத்தாறு வயதில் இவளுக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். அவளுடைய ஒரே தம்பி திருமலைக்குமாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மதுரையில் போய்ப் படுத்து ரத்தத்தை மிஷினில் விட்டு அலசி வாங்கிக்கொண்டு வந்தான். பெண்டாட்டி கொடுக்க வந்தாள், பொருந்தவில்லை. அக்காள் வந்தாள், எல்லாம் பொருந்தியது, எடையைத் தவிர. "எண்பத்தாறு கிலோ இருக்கீங்கம்மா. எழுபத்திரண்டுக்கு இறங்கி வாங்க, எடுத்து வைக்கிறோம். ஆறு மாசம் டயம். அதுக்கு மேல உங்க தம்பி உடம்பு தாங்காது" என்றார் டாக்டரம்மா. பதினான்கு கிலோ. ஆவுடைத்தங்கம் வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு அந்தப் பதினான்கு கிலோ தன் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கே இருந்தாலும் அது எதனால் ஆனது என்பது அவளுக்குத் தெரியும். கருப்பட்டி மிட்டாய். சுற்றிச் சுற்றிப் பிழிந்து, பாகில் போட்டு எடுத்து, கடித்தால் உள்ளேயிருந்து கருப்பட்டிச் சாறு தாடையில் வழிகிற அந்த மிட்டாய் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. போதாததற்கு மேட்டுத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் இருந்து பலகாரம் வைத்துத் தட்டு வந்தால் அதை வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாது. ஆகவே அதிரசம் வந்த தட்டு முறுக்கோடு போகும், முறுக்கு போன தட்டு லட்டோடு வரும், லட்டு வந்த தட்டில் மிட்டாயை வைக்காமல் எப்படி அனுப்புவது? இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிய தட்டு இன்னும் அந்தத் தெருவில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. யார் கிளப்பியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்பேர்ப்பட்ட தெருவில் இருந்துகொண்டு அவள் வாயைக் கட்டினாள். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் ஒரு கரண்டி சோறும் மூன்று கரண்டி கீரையும், ராத்திரிக்குக் கொள்ளு ரசம். ஆற்றுப்பாலம் வரை நடந்தாள், திரும்பி நடந்தாள், பாலத்தின் மேலே நடந்தாள், மூச்சு வாங்கி நின்றாள், மறுபடி நடந்தாள். முதல் மாதம் மூன்று கிலோ போனது. போனது எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை, யார்தான் அதைக் கேட்கிறார்கள்?

கேட்காத கேள்விக்குப் பதில் வந்து நின்றது அந்தப் புதன்கிழமை. பிறந்த பிள்ளை அளவுதான் இருந்தது, ஆனால் பிள்ளை இல்லை. அச்சு அசலாக ஆவுடைத்தங்கம். அதே மூக்குத்தி, அதே முன்வழுக்கை, வெட்டுத்துணியை எடுத்துச் சேலையாகச் சுற்றியிருந்தது. மிஷின் மிதிபலகையில் உட்கார்ந்து, "மிட்டாய் இருக்கா?" என்று கேட்டது.

அவள் வீட்டுக்காரர் கனகவேல் பேப்பருக்குள் இருந்து, "யாரு வந்திருக்கா?" என்றார்.

"நான்தான்ங்க. உடம்புல இருந்து போனது வந்திருக்கு."

"உள்ள கூப்பிட்டு உக்கார வை. எனக்கும் சேத்துக் காப்பி போடு" என்றார் அவர். மனுஷன் அப்படித்தான், இடி விழுந்தாலும் இனிஷியல் என்ன என்று கேட்பார்.

தெரு அதற்குச் சின்னவள் என்று பெயர் வைத்தது. கனகவேலைப் பார்த்தால் "என்ன மாப்ள, இளையதாரமா?" என்று கேட்காத ஆள் இல்லை, அவரும் மீசையைத் தடவிக்கொண்டு போவார். வாரம் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பெரியவள் இறங்க இறங்கச் சின்னவள் வளர்ந்தாள். முழங்கால் உயரம் வந்தாள், தொடை உயரம் வந்தாள். ஆவுடைத்தங்கம் அவளுக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைத்தாள், வாராவாரம் பிரித்துப் பெரிதாக்கினாள். தன்னுடையதைப் பிரித்துச் சிறிதாக்கினாள். கோயில் பூசாரி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அர்ச்சனை போதும், நட்சத்திரம் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் மட்டும் சின்ன இலையா பெரிய இலையா என்று ஒரு தகராறு வந்தது, பிறகு பெரியவள் இலையிலேயே நுனிப்பக்கம் சின்னவள் உட்காரலாம் என்று பெண் வீட்டுக்காரர்கள் தீர்த்துவைத்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று காதில் இருந்த பேனாவை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டு, "இத்தன வருசமும் ஒரே டிக்கெட்லதானம்மா ரெண்டு பேரும் வந்தீங்க, இப்ப மட்டும் என்ன?" என்று போய்விட்டார்.

எல்லாருக்கும் அவள் பழகிப்போனாள், பெரியவளைத் தவிர. ஆவுடைத்தங்கத்துக்கு அவளைப் பார்க்கவே கூசியது. ஊரில் எங்கே போனாலும் தன்னுடைய பெருந்தீனி சேலை கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்து "மிட்டாய் இருக்கா, மிட்டாய் இருக்கா" என்று கேட்டால் யாருக்குத்தான் கூசாது? தம்பியைப் பார்க்கப் போகும் நாட்களில் அவளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். தம்பிக்கு மட்டும் தெரியவே கூடாது என்று கனகவேலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் அவள் போனபோது திருமலை கட்டிலில் உட்கார்ந்து அரை டம்ளர் தண்ணீரை ஒரு மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் முழுக்க இவ்வளவுதான் குடிக்கலாம் என்று கணக்கு. உதடு வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் டம்ளரைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "மெலிஞ்சுட்டயே அக்கா, ஒழுங்கா சாப்புடு" என்றான். வெறும் தண்ணீர்கூட இல்லாமல் இவன் இருக்கிறான், நான் என் மிட்டாய் ஆசையை வீட்டில் வைத்துத் தீனி போட்டு வளர்க்கிறேன், சீ, என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்தவள் சின்னவளிடம், "இன்னிலேர்ந்து உனக்கு ஒரு துண்டு கிடையாது. வாசனை கூட கிடையாது. செத்தாலும் சரி" என்றாள்.

சின்னவள் முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் முனகினாள், மூன்றாம் நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பத்தாம் நாள் பார்த்தால் தொடை உயரத்தில் இருந்தவள் மறுபடி முழங்கால் உயரம் வந்திருந்தாள். ஆவுடைத்தங்கத்துக்குச் சந்தோஷம், ஒழிந்தாள் என்று. அந்த வாரம் மதுரையில் எடை பார்த்தார்கள். போன தடவை எழுபத்தாறு, இப்போது எண்பது.

"என்னம்மா, ஏமாத்துறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"கீரையத் தவிர எதுவும் வாயில வைக்கல டாக்டர், எங்க தம்பி மேல ஆணை."

டாக்டரம்மா நம்பவில்லை. ஆனால் ஆவுடைத்தங்கத்துக்குப் புரிந்துவிட்டது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், பசித்த சின்னவள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி வந்து அங்கே குந்தியிருந்தாள். போக்கிடம் இல்லாதவள் வேறு எங்கே போவாள்?

செய்தி தெருவுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பேச்சித்தாய்தான் ஆரம்பித்துவைத்தாள். "ஏன் மதினி, உங்களுக்குத்தான இனிப்பு ஆகாது? சின்னவளுக்கு என்ன கேடு? அவ வயிறு நெறைஞ்சா உங்ககிட்ட ஏன் வரப்போறா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தெருவின் மற்ற ஒன்பது வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி, மேட்டுத்தெருவில் சின்னவளும் ஒரு வீடு என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். வீடு என்று ஆகிவிட்டால் தட்டு வராமல் இருக்குமா? அவள் பெயருக்குத் தனியாகத் தட்டு வந்தது. காலையில் ரவா லட்டு, பத்து மணிக்குப் பால்கோவா, மத்தியானம் பேச்சித்தாய் வீட்டு ஜிலேபி, சாயந்திரம் எல்லா வீட்டிலும் இருந்து மிட்டாய். ஒரு உசிரைக் காப்பாற்றுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு அந்த நல்ல மனுஷிகள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனசுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மூன்றே வாரத்தில் சின்னவள் குண்டுக்கல்லாக ஆகிவிட்டாள், நடக்க மாட்டேன் என்றாள், ஆவுடைத்தங்கத்தின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மிஷினில் உட்கார்ந்தாலும் இறங்க மாட்டேன், அடுப்படிக்குப் போனாலும் இறங்க மாட்டேன் என்று தொங்கினாள். பஸ் கண்டக்டர் பார்த்துவிட்டு, "இது அந்தப் பழைய டிக்கெட்ல அடங்காதும்மா" என்றார். ஆஸ்பத்திரி மிஷினில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் தொண்ணூற்றொன்று. இறங்கு என்றால் அவள் இறங்கினால்தானே?

"இன்னும் ரெண்டே மாசம்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்குத் தம்பியைப் பார்க்காமலேயே ஆவுடைத்தங்கம் திரும்பிவிட்டாள். முதுகில் சுமையோடு அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

வீட்டுக்கு வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சர் ரெஜினாவின் ஜாக்கெட் ஒன்றைத் தைக்க எடுத்தாள். தைக்கும்போது உள்பக்கம் இரண்டு விரல் துணியை மடித்து விட்டுத் தைப்பது அவள் வழக்கம். துணியை விடாமல் இழுத்துத் தைத்தால் முதல் தும்மலிலேயே அக்குள் கிழியும். அள்ளி அள்ளி விட்டால் தோளில் நிற்காமல் சரியும். இருபத்தைந்து வருஷமாக ஊர்ப் பெண்களுக்கெல்லாம் விட்ட அந்த இரண்டு விரலைத் தனக்கு மட்டும் விடாமல் போனேனே, பத்து நாள் இழுத்துப் பிடித்தேன், இருபது நாள் அவிழ்த்து விட்டேன், என்று அவளுக்கு அப்போது தோன்றியது. ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தாள்.

சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு தட்டில் ஒரே ஒரு கருப்பட்டி மிட்டாயை வைத்து, ஒளிக்காமல் மறைக்காமல் முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். முதுகில் இருந்தவளிடம், "வா, எறங்கி வந்து எதுக்க உக்காரு. பாதி உனக்கு, பாதி எனக்கு. நாளைக்கும் உண்டு, நாளான்னைக்கும் உண்டு. ஆனா இவ்வளவுதான்" என்றாள்.

சின்னவள் நம்பவில்லை. "நாளைக்கு நெசமாவே உண்டா?"

"உண்டு."

"பூட்ட மாட்டயே?"

"பூட்ட மாட்டேன்."

இறங்கி வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த ஒரு மிட்டாயைப் பிட்டு, சாறு வழியாமல் விரலை நக்கி, ஒரு வாய் தின்ன நாலு வாய் நேரம் எடுத்துக்கொண்டு தின்றார்கள். இத்தனை வருஷமாக நின்றுகொண்டும் ஒளிந்துகொண்டும் அடுப்புத் திட்டில் சாய்ந்துகொண்டும் தின்ற மிட்டாய்க்கு இத்தனை ருசி உண்டு என்று ஆவுடைத்தங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "இன்னும்" என்றாள் சின்னவள். "நாளைக்கு" என்றாள் பெரியவள். ஒரு வாரம் இதே பேச்சுதான்.

தெருவுக்கும் சொல்லி அனுப்பினாள். ஒன்பது பெண்களுக்கும் முகம் தொங்கிவிட்டது, பேச்சித்தாய் இரண்டு நாள் பேசவே இல்லை. தட்டை நிறுத்து என்றால் அந்தத் தெரு எப்படி நிறுத்தும்? நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் பேச்சித்தாய் வீட்டுத் தட்டில் வெள்ளரிப்பிஞ்சு வந்தது, மிளகாய்ப்பொடி தூவி. ரெஜினா டீச்சர் வீட்டில் இருந்து சுண்டல் வந்தது. கொய்யாக்காய் வந்தது, வேகவைத்த பனங்கிழங்கு வந்தது, வழக்கத்தையும் விடாமல் ஆளையும் கொல்லாமல் தட்டு பாட்டுக்குச் சுற்றியது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சைத் தின்றாள், வையாத வசவு இல்லை, ஆனால் தின்றாள். காலையில் இரண்டு பேரும் ஆற்றுப்பாலம் வரை நடந்தார்கள். முதலில் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, பிறகு கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், பிறகு முன்னாலேயே ஓடினாள். கூடுதலாக ஏறினதெல்லாம் அந்தப் பாலத்தில் கழிந்து, ஆறாம் மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது பெரியவள் எழுபத்திரண்டு, சின்னவள் பதினான்கு, பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக நின்றார்கள். டாக்டரம்மா எடை மிஷினின் முள்ளை இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "சரி, கமிட்டிக்குப் போங்க" என்றார்.

கமிட்டி என்றால் ஒரு மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். உறுப்பு கொடுப்பவரை உட்காரவைத்து, யாராவது மிரட்டினார்களா, முழு மனசோடுதான் தருகிறீர்களா என்று கேட்டு எழுதுவார்கள். ஆவுடைத்தங்கம் எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். கடைசியில் கண்ணாடி போட்ட அதிகாரி பேனாவால் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"இவங்க யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

அதிகாரி பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். "அப்படின்னா இவங்க சம்மதமும் வேணுமே. முழு சம்மதம்னுதான போட்டிருக்கு."

ஆவுடைத்தங்கம் சின்னவள் பக்கம் திரும்பினாள். பூட்டி வைத்தது, பட்டினி போட்டது, செத்தாலும் சரி என்று சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இவள் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி போய்விடுவான்.

சின்னவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"சார், எங்க அம்மா போனப்ப எனக்குப் பதிமூணு, தம்பிக்கு ஆறு. வீட்ல எது வந்தாலும் எனக்கு இனிப்பே பிடிக்காதுன்னு சொல்லி அவனுக்கே குடுத்துருவேன். அவனும் நம்புனான். பத்து வயசுல ஒரு லீவுக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டையில குச்சி அடுக்கப் போனான். மொத வாரக் கூலியில கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வந்து என் மடியில வச்சான். எனக்குப் பிடிக்காதேடான்னேன். நீ பொய் சொல்ற, காகிதத்த நக்குனதப் பாத்தேன்னான். நான் தின்னு முடிக்கிற வரைக்கும் ஒண்ணுகூட எடுக்காம முன்னால உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். அன்னைலேர்ந்து சீக்குல விழுகுற வரைக்கும் ஒரு சனிக்கிழமை விட்டதில்ல சார். அந்தச் சனிக்கிழமை எல்லாம் சேந்ததுதான் நான். என் ஒடம்புல வேற ஒண்ணும் இல்ல. அவனுக்குக் குடுக்க என்னப் போயிச் சம்மதம் கேக்குறீங்களே!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்தினார். பெரியவள் கையெழுத்துக்குக் கீழே சின்னவள் கட்டைவிரலை அழுத்தி உருட்டினாள்.

ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை நடந்தது, நல்லபடியாக முடிந்தது, அக்காளும் தம்பியும் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்கள், அதை இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, கமிட்டி அறையில் இருந்து வெளியே வந்ததும் வராந்தாவில் நடந்தது.

திருமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதமும் அவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தவளை இனி எங்கே ஒளிக்க முடியும்? ஆவுடைத்தங்கம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவன் இடுப்பு உயரத்தில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தான். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான், சின்னவள் தொற்றி ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டயா?" என்று கேட்டான்.

ஊரெல்லாம் அவளுக்கு ஊட்டியிருக்கிறது, ஊரெல்லாம் அவளை வாயைக் கட்டு என்றும் சொல்லியிருக்கிறது. ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. சின்னவள் அவனுடைய ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிட்டாய் இருக்கா என்று கேட்கப்போகிறாள் என்று ஆவுடைத்தங்கம் பயந்துகொண்டே நின்றாள்.

"சாப்பிட்டேன்டா தம்பி, வயிறு நெறைஞ்சிருக்கு" என்றாள் சின்னவள். "போதும்."

தன் குரலில் அந்த ஒரு வார்த்தையை நாற்பத்தாறு வருஷத்தில் ஆவுடைத்தங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை.